பெல்லோ ஊரில் ஒரு சாமி

1

எங்கள் ஊரில் இந்த வாரம் தெருவிளக்குக் கம்பத்துக்கு ஒரு காளை. துணியில் அச்சடித்த காளை, வாயைத் திறந்து கத்துகிற மாதிரி. ஊர் தொடங்கிய ஆண்டுவிழா. சனிக்கிழமை ஊர்வலம், ஆற்றங்கரையில் மக்காச்சோளம் சுடுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம், கடைசியாக ஒரு பெஞ்சுத் திறப்பு.

'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன். பள்ளிபாளையத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருடத்தில் கை அப்படி எழுதப் பழகிவிட்டது. வாய் இன்னும் பழகவில்லை.

அமெரிக்காவின் நடுவில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது பெல்லோ. ஒரு மளிகைக்கடை, ஒரு காப்பிக்கடை, தேவைக்கு அதிகமான தேவாலயங்கள், சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம். இந்தியர்கள் என்று பார்த்தால் நானும் எங்கள் வீட்டுக்காரரும்தான். அவர் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். கோழிப்பண்ணைகளைச் சுற்றுவதே வேலை. திங்கள் காலை கிளம்பினால் வெள்ளி மாலை வருவார், வந்து தூங்குவார். ஆகையால் வார நாட்களில் பெல்லோவின் மொத்த இந்தியாவும் நான் ஒருத்திதான்.

புதன்கிழமை காலை கேரல் போன் செய்தாள். கேரல் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊர்ப் பாரம்பரியக் குழுவின் செயலாளர். இங்கிலீஷில் நடந்த பேச்சையெல்லாம் இந்தக் குறிப்புகளில் என் தமிழில்தான் தருகிறேன்.

"டானா, பெஞ்சில் பொருத்தும் தகட்டுக்கு நாளைக்குள் எழுத்து அனுப்ப வேண்டும். ஒரு சந்தேகம். அவர் பெயர் வெர்னன் என்றுதான் ஊர்ப் பதிவில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சேமி என்கிறார்களே? விசாரித்தால், நீதான் முதலில் அப்படிக் கூப்பிட்டாய் என்கிறார்கள். அது அவருடைய செல்லப்பெயரா? அவரே சொன்னதா? குழு கேட்கிறது."

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் நின்றேன்.

வெர்னன் இந்த ஊர் அருங்காட்சியகத்தைத் திறந்து மூடுகிற பெரியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. அரிசோனாவில் இருக்கும் மகள் வந்து சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இனி அங்கேதான். பெஞ்சு அவர் நினைவுக்காக ஊர் போடுவது. எனக்கு இந்த ஊரில் பேச்சுக்கு இருந்த ஒரே துணை அவர். நான் அவரைக் கூப்பிட்ட பெயரோ அவர் பெயரே இல்லை. அது எங்கள் அப்பாவின் வாய்ச்சொல்.

2

முதலில் காளைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆற்றில் முதலில் படகு விட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நல்ல தண்ணீர், அழகான தண்ணீர் என்று அவர்கள் பாஷையில் 'பெல் ஓ' என்றார்களாம். அவர்களுக்குப் பின்னால் நிலம் உழ வந்தவர்களின் காதில் அது 'பெல்லோ' என்று விழுந்தது. இங்கிலீஷில் பெல்லோ என்றால் மாடு பெருங்குரலில் கத்துவது. பிறகென்ன, கத்துகிற மாட்டை ஊர்ச் சின்னமாக வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட விளையாட்டு அணிக்குக் காளைப் பெயர். முச்சந்தியில் சிமெண்ட் காளை. தண்ணீருக்கு வைத்த பெயர் மாட்டுக்குப் போய்விட்டது, யாருக்கும் வருத்தமில்லை. இதை எனக்குச் சொல்லிவிட்டு வெர்னன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அருங்காட்சியகம் என்பது பழைய பொத்தான் தொழிற்சாலையின் ஒரு கட்டடம். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் சட்டைப் பொத்தான்களை ஆற்றுச் சிப்பியில் இருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். படகில் போய்ச் சிப்பியை வாரிக்கொண்டு வருவது, வேகவைத்துச் சதையை எடுப்பது, ஓட்டில் வட்டம் வட்டமாக வெட்டுவது. வட்டம் போன மிச்ச ஓடுகளை ரோட்டில் கொட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் என் கொல்லையில் தக்காளிச் செடி வைக்க மண்ணைக் கிளறினால் ஓட்டை விழுந்த சிப்பி கிடைக்கும். முதல் வருடம் கிடைத்தபோது ஏதோ பூச்சி அரித்தது என்று நினைத்தேன்.

வெட்டிய பொத்தான்களை அட்டையில் தைத்துக் கொடுக்கும் வேலை வீடுகளுக்கு வரும். வெர்னனின் அம்மா சமையல் மேஜையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாளாம். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பள்ளிபாளையத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் தார் சுற்றுவார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சிக்குத் தார் என்று பேர். என் அம்மா ஒரு கையில் என் தங்கையை வைத்துக்கொண்டு மறுகையால் சுற்றியவள். காகித ஆலைச் சங்கு ஊதினால் உலை வைப்பாள். இங்கே தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வெர்னனின் அம்மா ரொட்டியை அடுப்பில் தள்ளுவாளாம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், பாலம் தாண்டினால் வேறு மாநிலம். எங்களுக்கும் அப்படித்தான். காவிரிப் பாலம் தாண்டினால் ஈரோடு, வேறு மாவட்டம். சினிமாவுக்கும் ஜவுளிக்கும் அந்தக் கரை, தூக்கத்துக்கு இந்தக் கரை. பெல்லோ பாலத்தில் கார் ஏறும்போதெல்லாம் அக்கரையில் கொசுவலை விற்கும் சந்து தெரியும் என்று ஒரு அசட்டு எதிர்பார்ப்பு வரும். தெரிவது மக்காச்சோளம்.

3

இந்த ஊருக்கு வந்த புதிதில், பனிக்காலத்தில் ஒரு நாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தேன். அருங்காட்சியகத்தின் படியில் உயரமான பெரியவர் ஒருவர் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

"பாத்து சாமி! பாத்து!"

நான்தான் கத்தியிருக்கிறேன். வாய்க்கு யோசிக்க நேரம் இருந்திருந்தால் இங்கிலீஷ் வந்திருக்கும். ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சேமி?" என்றார். சாமி அவர் காதில் சேமி. சாமுவேல் என்கிற பெயரை இங்கே செல்லமாக அப்படிச் சுருக்குவார்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். நம்முடைய தலையாட்டலுக்கு ஆம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள். அவருக்கு எது போய்ச் சேர்ந்ததோ. உள்ளே கூப்பிட்டுச் சூடாகக் காப்பி கொடுத்தார். தன் பெயர் வெர்னன் என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் அன்று கிளம்பும்போது அந்த ஐஸ் படியில் என்னை இறக்கிவிட அவர் கூடவே வந்தார். "சாமி, நீங்க உள்ள போங்க" என்ற அர்த்தத்தில் மறுபடியும் அதே சொல் வந்துவிட்டது. அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. எங்கள் பக்கம் பெரியவரும் சாமி, தொட்டில் குழந்தையும் சாமி. மரியாதையும் கொஞ்சலும் ஒரே சொல்லில் போகும். எங்கள் அப்பாவுக்கு அது மூச்சு மாதிரி. தறி மெக்கானிக் சாமி, பஸ் கண்டக்டர் சாமி, பால் குடிக்காத கன்றுக்குட்டியும் சாமி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தூசி தட்டினேன், வருகிறவர்களுக்குச் சிப்பியைக் காட்டினேன். எப்போதாவது யாராவது வந்தால் வெர்னன் என்னைக் கைகாட்டி, "இவள் என்னை சேமி என்பாள்" என்று பெருமையாகச் சொல்வார். காப்பிக்கடைக்காரி கோப்பையில் சேமி என்று எழுதிக் கொடுத்தாள். தேவாலயத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எனக்குள் சிரிப்பு ஒரு பக்கம். சேமி என்றால் நமக்குத் தபால் நிலையத்துச் சிறுசேமிப்புச் சுவரொட்டிதான். இன்னொரு பக்கம் சங்கடம். கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட்டு டப்பாவின் மேல் ஒழுங்காக 'வெர்னன்' என்று எழுதிக் கொடுப்பேன். ஆனால் நேரில் பார்த்தால் சாமிதான்.

இந்த வாரம், அடுத்த வாரம் என்று உண்மையைச் சொல்லத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொன்னால் அவர், "அப்படியா, அப்படியென்றால் இனி வெர்னன் என்றே கூப்பிடு" என்பார். இந்த ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். அப்புறம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

4

இருக்க வேண்டிய ஆள் என் மகன் கார்த்தி. ஆறு மாதக் குழந்தையாக இந்த நாட்டுக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்தவன். பெரிய நகரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும், தவறாமல் வரும். தவறாமல் வருவதே ஒரு கடமைபோல் தெரியும், அதுதான் கஷ்டம்.

ஒரு தடவை நானாக நடுவாரத்தில் கூப்பிட்டு, "சாப்டியா சாமி?" என்றேன். அவன் காரில் சக ஊழியர்களோடு இருந்திருக்கிறான், போன் ஒலிபெருக்கியில் இருந்திருக்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தனியாகக் கூப்பிட்டான். கோபமே இல்லை, பொறுமையாக இங்கிலீஷில் விளக்கினான். "அம்மா, நீ அப்படிச் சொன்னதும் அவர்கள் என்னை சேமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என் பெயர் கார்த்திக் என்று சொல்லிப் பழக்கவே எனக்கு வருடக்கணக்காயிற்று. ப்ளீஸ்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு பெயரை இந்த நாட்டு வாயில் உட்காரவைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து கார்த்தி என்றே கூப்பிடுகிறேன். வாய் 'சா' வரை போய்த் திரும்பும்.

என் பெயர்க் கதை இன்னும் கேவலம். நான் ஆ. தனலட்சுமி. பாஸ்போர்ட் எடுக்கையில் இனிஷியலை விரித்து எழுது என்றார்கள், ஆறுமுகம் என்று அப்பா பெயரை எழுதினேன். அது குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தனலட்சுமியை டானா என்று வெட்டிவிட்டார்கள். ஆறுமுகத்தை வெட்ட முடியவில்லை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் திருத்தக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "இது உன் அப்பாவின் குடும்பப்பெயர்தானே?" என்றாள். "இல்லை, அப்பாவின் பெயரே அதுதான்" என்றேன். "அப்படியென்றால் அவருடைய குடும்பப்பெயர் என்ன?" என்றாள். "அவருக்குக் குடும்பம் இருந்தது, குடும்பப்பெயர் இல்லை" என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அதனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்து "ஆருமூகம்!" என்று கூப்பிடுவாள். நான் எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி அந்தக் கூடத்தில் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண் தேடும். இந்த ஊரில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்பா என்னைக் கூப்பிட்ட மாதிரி கூப்பிட ஒரு ஆள் இல்லை.

அப்பா கூப்பிடுவது தறிப்பட்டறையில் இருந்து. அத்தனை தறிகள் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரே கத்தினால்தான் கேட்கும். ஆனால் "சாமீ..." என்று இழுத்துக் கூப்பிட்டால் வீட்டுக்குள் இருக்கிற எனக்குக் கேட்டுவிடும். "ஏனுங்கப்பா!" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் போகாவிட்டால் அவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்ப்பார்.

இது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. காதில் விழுந்தாலும் சில நாள் வாயைத் திறக்க மாட்டேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து வாசலில் நிற்பார்.

"ஏஞ்சாமி, காது கேக்கலையா? என்னமோ ஏதோன்னு ஓடியாரேன் நானு."

"கேக்கலீங்கப்பா" என்பேன். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தலையைத் தடவிவிட்டுத் திரும்பிப் போவார்.

5

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. பட்டறையை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். தறி ஓட்டுவது ஒடிசாப் பையன்கள். நான் உள்ளே போனதும் ஒருவன் மரியாதையாக எழுந்து, "வணக்கம் மேடம்" என்றான். ஈரோட்டு டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "மேடம், உள்ள தள்ளி நில்லுங்க மேடம்" என்றார். மளிகைக் கடையில் ஆன்ட்டி. அண்ணன் பேரன் நான் வாங்கிப் போன சாக்லெட்டைக் காட்டி, "அமெரிக்கா பாட்டி குடுத்தாங்க" என்றான். யாரும் குறை வைக்கவில்லை. கறியும் சோறுமாகப் போட்டுத் திணறடித்தார்கள். ஆனால் தங்கியிருந்த நாள் முழுவதும் ஒரு வாயில் இருந்தாவது அந்தச் சொல் என்னைப் பார்த்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கூப்பிட வயதுள்ளவர்கள் போய்விட்டார்கள். எனக்கே இப்போது மற்றவர்களைக் கூப்பிடுகிற வயது.

கேரல் போன் செய்த அன்று எனக்குக் காலை, அண்ணனுக்கு இரவு சாப்பாட்டு நேரம். கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏந்தனம், அமெரிக்காக்காரன் பெஞ்சுல நம்மய்யன் பேசுன பேச்சா? அட கூத்தே!"

"சிரிக்காதீங்கண்ணா. தப்பாப் போயிருச்சு. அது பேரே இல்லீன்னு சொல்லிப்போடட்டுமா?"

"என்னத்துக்குச் சொல்ற? பேர் இல்லாட்டி என்ன, அந்த மனுசன் திரும்பிப் பாக்கறாரில்ல?"

"பாக்கறாருங்."

"அப்பறம் என்ன, உடு." கொஞ்சம் நிறுத்தி, "அவுரும் போயிட்டா நீ என்ன பண்ணுவ?" என்றார்.

நான் லைன் சரியாக இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

6

அன்று பிற்பகலே வெர்னன் வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

"வெர்னனிடமா, சேமியிடமா?" என்றார். கேரல் அவரிடமும் கேட்டிருக்கிறாள்.

சொன்னேன். இங்கிலீஷில் தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். அது பெயர் இல்லை, என் ஊர்ப்பக்கத்துச் சொல். கோயிலில் இருப்பதும் அதுதான், தொட்டிலில் கிடப்பதும் அதுதான். வயதானவர்களை அப்படிச் சொல்வோம், பிள்ளைகளைச் சொல்வோம். யாராவது விழப்போனால் வாயில் தானாக வரும். அன்றைக்கு நீங்கள் வழுக்கியபோது வந்துவிட்டது. இத்தனை நாள் திருத்தவில்லை, மன்னிக்க வேண்டும்.

அவர் ஒரு பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது என் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? வருடம் தவறாமல் முறுக்கு டப்பா மேல் வெர்னன் என்று எழுதித் தருகிறாய். என் பெயர் உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் சேமி என்பது வேறு ஏதோ. நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

"அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டால் நிறுத்திவிடுவாய் என்று பயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரும் நானும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை சனிக்கிழமை எதிரும் புதிருமாக உட்கார்ந்து சிப்பிக்குத் தூசி தட்டியிருக்கிறோம். அவர் மேஜைமேல் இருந்த சமையல் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"மேரி போன பிறகு என்னைச் செல்லமாகக் கூப்பிட யாரும் இல்லை" என்றார். மேரி அவர் மனைவி. "மகளுக்கு நான் அப்பா. டாக்டருக்கு மிஸ்டர். அதெல்லாம் சரிதான். ஆனால் படியில் வழுக்கினால் நீ கத்தின மாதிரி யாரும் கத்த மாட்டார்கள்."

கொஞ்ச நேரம் கழித்து, "அதைச் சரியாக எப்படிச் சொல்வது?" என்றார்.

"சாமி."

"சேமி."

"இல்லை, வாயை நன்றாகத் திறக்க வேண்டும். சா."

"சா." பல் மருத்துவரிடம் உட்கார்ந்த மாதிரி திறந்தார். "சா... மி."

இரண்டு மூன்று தடவை முயன்று விட்டுவிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "உன்னை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்?"

"அப்பா கூப்பிட்டார்."

"இப்போது?"

"இப்போது யாரும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். மகளின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

7

வியாழக்கிழமை குழு கூடியது. நூலகத்தின் பின்னறை, ஆறேழு பேர், நடுவில் ஒரு தட்டுக் குக்கீஸ். நம்மூர் கூட்டுறவு சங்கத்துக் கூட்டத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பேச எழுந்தால் கை தூக்க வேண்டும், ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அப்புறம்தான் பெஞ்சுக்கே வருவார்கள்.

கண்ணாடி போட்ட ஒருவர், "பாரம்பரியம் என்றால் உண்மையாக இருக்க வேண்டும். பதிவில் இல்லாத பெயரைத் தகட்டில் பொறித்தால் நாளைக்கு வருகிறவர்கள் குழம்ப மாட்டார்களா?" என்றார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் சுறுசுறுவென்று வந்தது.

"ஐயா, உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு காளை இருக்கிறது. அது எந்தப் பதிவில் இருந்தது?"

எல்லோரும் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு கேரல் சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கண்ணாடிக்காரரும் சிரித்தார். காதில் தப்பாக விழுந்ததை வைத்து ஊரே நடத்தியவர்கள்.

"டானா, ஒரே கேள்வி. அது அவர் பெயர்தானா?" என்றாள் கேரல்.

"ஆமாம், அவர் பெயர்தான்" என்றேன்.

எழுத்து எப்படி என்று கேட்டாள். சாமி என்று உச்சரிக்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று தோன்றியது. ஊர் வாயில் எப்படி உட்கார்ந்ததோ அப்படியே இருக்கட்டும். தகட்டில் மேலே வெர்னன், அதன் கீழே சேமி. வழிமொழிந்தவர் அந்தக் கண்ணாடிக்காரர்.

8

சனிக்கிழமை மேகமூட்டம். ஊர்வலம் முடிந்து, பேண்டு வாத்தியப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றிவிட்டு மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். ஆற்றைப் பார்த்த மாதிரி பெஞ்சு. ஊர்த் தலைவர் ரிப்பன் வெட்டினார், கைதட்டினார்கள், கலைந்தார்கள். வெர்னன் பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் கொஞ்ச தூரத்தில் நின்று யாரோ ஒரு பண்ணைக்காரரிடம் கோழித் தீவனம் பேசிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காவிரியைப் போல் நாலு மடங்கு அகலம், ஆனால் படித்துறை இல்லை, துவைக்கிற சத்தம் இல்லை. முறுக்கு டப்பா ஒன்றைக் கொடுத்தேன். மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். இந்தத் தடவை தமிழில் 'சாமி' என்று எழுதியிருந்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கோட்டுப் பையில் வைக்கப் பார்த்தார். டப்பா பெரியது, நுழையவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் காரைச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் அவர் முழங்கையைப் பிடித்து மெல்ல ஏற்றினேன். "பாத்து சாமி" என்றேன். பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு, அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுத் திரும்பினேன்.

கார் நகர்ந்தது. நான் அதைப் பார்க்க வேண்டாம் என்று புல்சரிவில் வேகமாக இறங்கினேன். இரவு பெய்த மழையில் புல் ஈரம். என் கால் வழுக்கியது. விழவில்லை, கையை ஊன்றிக்கொண்டேன்.

"பாத்து, சாமி!"

பின்னால் இருந்து வந்தது. தெளிவாக, வாயை நன்றாகத் திறந்து, என் காதில் எத்தனையோ வருடமாக விழாத சரியான 'சா'. சேமி இல்லை. அந்த 'பாத்து'வை அவர் எப்போது பிடித்து வைத்திருந்தாரோ தெரியவில்லை.

"ஏனுங்க" என்கிற பதில் தொண்டைக்கு வந்துவிட்டது.

நான் குரல் கொடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கையை ஈரப்புல்லில் ஊன்றியபடி அப்படியே இருந்தேன். பதில் போகாவிட்டால் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

சிமெண்ட் காளை நிற்கிற முச்சந்தியில் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை.